வேலுசாமி மகன் பெருமாள்சாமி

9 ஜனவரி 1961, திங்கள்

பள்ளியில் மைக்கூடு கவிழ்ந்து மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு பாழ். புதிதாக எழுத உட்கார்ந்தால் வகுப்பு வாசலில் அம்மா நிற்கிறாள். எங்கள் ஊர் அகரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல் வந்திருக்கிறாள், கையில் கத்தரிக்காய்ப் பை. வீட்டுக்குக் காய் கொண்டுவந்தால் சும்மா பார்க்க வந்திருக்கிறாள் என்று அர்த்தம். பள்ளிக்கே கொண்டுவந்தால் ஏதோ நடந்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொன்னாள். பெரியப்பா கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். பட்டா வேண்டும் என்றிருக்கிறார்கள். கர்ணம் பதிவேட்டைப் பிரித்து, "வேலுசாமி மகன் பெருமாள்சாமி, இரண்டு ஏக்கர் பத்து சென்ட்" என்று வாசித்தாராம். அதில் என் அப்பா முத்துச்சாமியின் பெயர் இல்லை.

பெரியப்பாவின் பெயர் பெருமாள்சாமி. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, வேலுசாமி. ஆகவே நிலம் முழுக்கத் தன்னுடையதுதான் என்கிறார். அப்பா போனபிறகு பன்னிரண்டு வருஷமாக அம்மா பார்த்துவரும் கிழக்குப் பாதியும் சேர்த்து.

"இனி தண்ணி எறைக்க மாடு கட்டிக் கமலை பூட்டணும்னா அவுகளக் கேட்டுத்தான் பூட்டணுமாம்" என்றாள் அம்மா. அழவில்லை. கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். "நாங்க நாள் முழுக்க அரத்த வச்சுச் சாவிய ராவுறோம். ஒங்க பெரியப்பா சாவியே இல்லாமத் தெறந்துட்டாரே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடமாட்டேன்.

15 ஜனவரி, ஞாயிறு

மாட்டுப் பொங்கல். அகரம் போனேன். பெரியப்பாவும் அம்மாவும் இருப்பது ஒரே வீடுதான், நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியது. ஊரில் இன்றைக்கும் சங்கிலிக்காரர் வீடு என்றுதான் பெயர். எங்கள் பூட்டன் வெள்ளைக்காரன் காலத்து சர்வேயர். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் முதன்முதலில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். அவர் பெயரும் பெருமாள்சாமி. அவருடைய அப்பா பெயரும் வேலுசாமி.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பெயரே தோன்றாது போலிருக்கிறது.

"பெரியப்பா, பட்டாவுல இருக்கறது பூட்டன் பேரு" என்றேன்.

"செத்தவரு பேர்ல எவனாச்சும் பட்டா வச்சிருப்பானா? ரெண்டாம் சர்வே வந்தப்ப எங்கய்யா என் பேர்ல எழுதி வச்சாரு. சின்னதுல இருந்து எங்காத்தா சொல்லும், நிலம் ஒம் பேர்லதான்டா இருக்குன்னு."

மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அவருடைய தாயார் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று மகனை 'சர்வேயரு' என்றே கூப்பிட்டு வளர்த்தாளாம். அறுபத்தெட்டு வயதிலும் அந்த நினைப்பு அவரை விடவில்லை.

வம்சாவளி எழுதித் தாசில்தாரிடம் கொடுக்கப் போகிறேன், பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

"மகன் ஒருத்தன். அம்புட்டுத்தான்."

"பொன்னழகு?"

"எனக்குப் பொம்பளப் பிள்ளை கெடையாது."

பொன்னழகு வேறு சாதி லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு கொடைரோட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் அவள் பெயர் எடுக்கக் கூடாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன்?

20 ஜனவரி, வெள்ளி

போன வருஷத்துக் காலண்டரின் பின்பக்கத்தில் வம்சாவளி வரைந்தேன். வேலுசாமி. அவர் மகன் பெருமாள்சாமி (சர்வேயர்). அவர் மகன் வேலுசாமி. அவர் மக்கள் பெருமாள்சாமி, முத்துச்சாமி. முத்துச்சாமிக்குக் கீழே சண்முகவள்ளி, அதாவது நான்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டே பேர வச்சு நாலு தலைமொறய ஓட்டிட்டாகளே. சிக்கனமான குடும்பம்."

29 ஜனவரி, ஞாயிறு

அம்மா பக்கத்துப் பரணில் பூட்டனின் தகரப்பெட்டி. சாவி இல்லை. வீட்டுக்காரர் கூட வந்து இரண்டு நிமிஷத்தில் திறந்தார். உள்ளே நூறு கண்ணிச் சங்கிலி, பித்தளை வில்லைகள் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. அடியில் பூட்டன் கைப்பட எழுதிய அளவுப் புத்தகம், 1884. என்ன எழுத்து! எறும்பு வரிசை மாதிரி, ஒரு அடித்தல் கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

மதியத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அகரத்தில் ஒரு துண்டு நிலம் விடவில்லை மனிதர். கோயில் நந்தவனம், சுடுகாட்டுப் பாதை, எங்களுக்கு வடக்கே இருக்கிற நிலம், தெற்கே இருக்கிற நிலம்.

எங்கள் நிலம் இல்லை.

மூன்று முறை பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். "கெடச்சுச்சா?" இல்லை என்றேன். "அப்ப ஒம் பூட்டனுக்கு நிலமே இல்ல போல" என்றார்.

30 ஜனவரி, திங்கள்

பள்ளியில் காரணமில்லாமல் இரண்டு பேரை அதட்டினேன். நாளைக்கு அவர்களிடம் நல்லபடியாகப் பேச வேண்டும்.

11 பிப்ரவரி, சனி

தாலுகா ஆபீஸ். நான்காம் முறை. இன்றைக்கும் "தாசில்தார் ஐயா கேம்ப்" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது மரத்தடியில் ஒரு சர்வேயர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் அவரையே பிடித்துக்கொண்டேன். ஊரையே அளந்தவர் சொந்த நிலத்தை எப்படி ஐயா விடுவார் என்று கேட்டேன்.

"ஏம்மா, அவரே சர்வேயர்னா அவரு புத்தகத்துல அவரு நிலம் எப்பிடி இருக்கும்? சொந்த நிலத்தத் தானே அளக்கக் கூடாது. கூட இருக்கற வேற சர்வேயர்தான் அளக்கணும்."

அந்த டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் நடு வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் இல்லாததே சாட்சி! பூட்டனுக்கு அங்கே நிலம் இருந்ததால்தான் அவர் புத்தகத்தில் அது இல்லை. ஆனால் இதைத் தாசில்தாரிடம் சொன்னால் சிரிப்பார். அளந்த ஆள் வேண்டும். வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு பெயர்கள். பெருமாள்சாமி. சவரிமுத்து.

19 பிப்ரவரி, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்தவர்களிடம் கேட்டேன். சர்வேயர் சவரிமுத்துவின் பேரன் ராயப்பராஜ் அதே தெருவில்தான் இருக்கிறார். அவரும் சர்வே இலாகாவில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், "தாத்தா நோட்டா? எங்கம்மா அடுப்படியில வச்சிருந்தாகளே" என்றார்.

அவருடைய தாயார் இன்னாசியம்மாள் காலியாக இருந்த பக்கங்களிலெல்லாம் கைமருந்து எழுதி வைத்திருக்கிறார். சளிக் கசாயத்துக்கு எதிர்ப் பக்கத்தில் எங்கள் நிலம் இருந்தது. பழைய சர்வே நம்பர், அளவு, 1884 மாசி என்று மாதம். "நிலத்துக்காரர் நம் சர்வேயர் வே. பெருமாள்சாமி. கூட நின்று எல்லை காட்டினார்."

அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் மூன்று வரி: "கிழக்கோரம் முப்பது சென்ட் தங்கை மாயக்காள் அனுபவம். எரியோட்டில் வாழ்க்கைப்பட்டுத் தாலியறுத்து வந்தவள். பட்டாவில் அவள் பெயரையும் ஏற்றச் சொன்னேன். பிறகு பார்ப்போம் என்றார்."

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது தாத்தா தனக்குன்னு எழுதி வச்சுக்கிட்டது டீச்சர். ஆபீஸ் புத்தகத்துல இருக்காது. ஒங்களுக்கு வேண்டியது பழைய நம்பரும் வருஷமும்தான். அத வச்சு மதுரை ரிக்கார்டு ஆபீஸ்ல சான்று நகல் கேளுங்க, தருவாங்க."

"இந்த மூணு வரி?"

"அதப் பத்தி இப்ப யாரு கேக்கப் போறா?"

20 பிப்ரவரி, திங்கள்

கிழக்கோரத்தில் குடிசை போட்டு, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்கிறவன் சடையாண்டி. அவன் அப்பன் காலத்திலிருந்து இருக்கிறார்கள். ஊரில் அவனை எரியோட்டான் என்பார்கள். அவன் மகள் பெயர் மாயக்காள்.

எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் வம்சாவளியில் மாயக்காள் இல்லை. யாரும் மறைக்கவில்லை, நான் கேட்கவே இல்லை. அப்பா யார், மகன் யார் என்றே கேட்டேன், ஆண் பெயராகவே எழுதினேன். கடைசியில் என் பெயரை மட்டும் போட்டுக்கொண்டேன். என் அம்மா பெயர்கூட அதில் இல்லை. அவளுக்காகத்தானே இந்த அலைச்சல்!

5 மார்ச், ஞாயிறு

சடையாண்டி முருங்கைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். மகளுக்கு ஏன் மாயக்காள் என்று பெயர் வைத்தாய் என்றேன்.

"எங்க அப்பத்தா பேரும்மா. அதுக்குப் பொறந்த ஊரே இதுதான்."

"அப்ப நீ எங்களுக்குச் சொந்தமா?"

மண்வெட்டியை நிறுத்தினான். வரப்பில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். "எங்கய்யா சொல்லும். நானா வாயத் தொறந்தா பங்கு கேக்க வந்துட்டான்னு நெனப்பாக. இருக்கற எடமும் போயிரும். எதுக்கும்மா?"

முறை போட்டுப் பார்த்தேன். அண்ணன் வழியில் நாங்கள், தங்கை வழியில் அவர். பெரியப்பாவுக்கு மச்சான். எனக்கு மாமா. இத்தனை வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் இவன் என்று எழுதியிருக்கிறேன். மேலே உள்ளதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

7 மார்ச், செவ்வாய்

மதுரைக்கு மனு அனுப்பினேன்.

22 ஏப்ரல், சனி

பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டியாயிற்று. மூன்றாம் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் மை இருக்கிறது.

18 மே, வியாழன்

சான்று நகல் வந்துவிட்டது! 1884, பழைய நம்பர், நிலத்துக்காரர் வே. பெருமாள்சாமி, அளந்தவர் சவரிமுத்து. ரெண்டாம் சர்வேயில் பெயர் மாற்றம் இல்லை, பழைய பெயரே தொடர்ந்தது என்று குறிப்பும் இருக்கிறது. இதற்கு மேல் பெரியப்பா பேச முடியாது.

மாயக்காள் பற்றி ஒரு எழுத்து இல்லை. ராயப்பராஜ் சொன்னபடியேதான். அந்த நோட்டை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். அதை நான் காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது.

21 மே, ஞாயிறு

அகரம் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ? சொல்லாமல் எப்படி இருப்பது, அவள் நிலம். கிழக்கோரம் அவள் பாதியில்தானே வருகிறது.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. இருக்கறதே ஒரு ஏக்கர் அஞ்சு சென்ட். அதுல முப்பதக் கிள்ளி அவனுக்குக் குடுங்கற. அந்த நோட்டத் தாசில்தார் கேட்டாரா? ஒங்க பெரியப்பா கேட்டாரா?"

"பட்டாவுல ஒம் பேரு இல்லைன்னுதானம்மா ஒன்னய வெளிய போகச் சொல்றாக. மாயக்காள் பேரும்தான் இல்ல. அவளுக்கு ஒரு ஞாயம், ஒனக்கு ஒரு ஞாயமா?"

"பள்ளிக்கூடத்துல பேசு இதெல்லாம்" என்று எழுந்து போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கு. நாளைக்கு வெளைச்சல் பத்தாம அம்மா கஷ்டப்பட்டா யார் பதில் சொல்றது, நாந்தான் சொல்லணும். இருந்தாலும் இத மூடி வச்சுட்டு அந்த ஆபீஸ்ல போய் நியாயம் கேக்க என்னால ஆகாது. ஆகவே ஆகாது.

22 மே, திங்கள்

வம்சாவளியைப் பெரிய தாளில் முதலிலிருந்து எழுதினேன். சர்வேயருக்குப் பக்கத்தில் தங்கை மாயக்காள். அவள் வழியில் சடையாண்டி மாமா வரை. அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா, சுந்தரம்மாள். எல்லாம் மையில் எழுதினேன். பெரியப்பாவுக்குக் கீழே வந்தபோது கை நின்றது. பொன்னழகு என்று பென்சிலில் எழுதினேன்.

7 ஜூன், புதன்

இரண்டு வாரமாக அம்மாவிடமிருந்து காய் இல்லை, சேதி இல்லை. இன்று பஸ் கண்டக்டர் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே கத்தரிக்காய். அடியில் நாலு முருங்கைக்காய்.

அம்மா பயிர் செய்கிற இடத்தில் முருங்கை கிடையாது. கிழக்கோரத்தில் மாமாவிடம்தான் இருக்கிறது. போய்ப் பேசியிருக்கிறாள்.

14 ஜூன், புதன்

விசாரணை. தாசில்தார் நகலை இரண்டு முறை படித்தார். பெரியப்பாவிடம் வயது கேட்டார்.

"அறுபத்தெட்டு."

"1884-ல நீங்க பொறக்கவே இல்லையே ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா அந்தக் காகிதத்தை வாங்கித் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். நான் ஜெயித்த நேரம் அது. ஐந்து மாசம் இதற்காகத்தான் அலைந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

குமாஸ்தா வாரிசு விவரம் எழுத ஆரம்பித்தார். "ஒங்க பிள்ளைங்க?"

"மகன் ஒருத்தன்."

"மகள்?"

பெரியப்பா குமாஸ்தாவின் பேனாவைப் பார்த்தார். "அத இப்ப எழுத வேணாம்" என்றார். கிடையாது என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

அப்புறம் சவரிமுத்துவின் நோட்டை மேஜைமேல் வைத்தேன். தாசில்தார் படித்துவிட்டு, "சட்டப்படி இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஒங்க தாயார் மனசு வந்து எழுதிக் கொடுத்தாத்தான் உண்டு" என்றார்.

"எழுதித் தாரேன்" என்று பின்னாலிருந்து சத்தம். அம்மா. எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

2 ஜூலை, ஞாயிறு

பெரியப்பா திண்டுக்கல்லுக்கு வந்தார். அவர் இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்து மூன்று வருஷம் இருக்கும். காபி கொடுத்தேன், குடித்தார்.

"அப்ப நிலம் எம் பேர்ல இல்லையா வள்ளி?"

ஆறு வயதில் தாயார் சொன்னதை நம்பி அறுபது வருஷம் நடமாடிய மனிதர். "பாதி ஒங்களுதுதான பெரியப்பா. புதுப் பட்டாவுல நெசமாவே ஒங்க பேருதான் வரும்" என்றேன்.

அதை யோசித்துப் பார்த்தார். "அந்த முப்பது சென்ட ஒங்காத்தா பங்குல மட்டும் எதுக்குக் கழிக்கணும்? பெறகு பாப்போம்னு சொன்னவரு எனக்கும் பாட்டன்தான. மொத்தத்துல கழிச்சுட்டு மிச்சத்த ரெண்டாப் போடு. ஆளுக்குத் தொண்ணூறு."

கணக்கை வரும்போதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று அளந்தோம். ராயப்பராஜ் இரும்பு டேப் கொண்டுவந்திருந்தார். பெரியப்பா பூட்டனின் சங்கிலியால்தான் அளக்க வேண்டும் என்று நின்றார். டேப்பை ஓட்டிப் பார்த்தால், சங்கிலி தேய்ந்து நாலு விரற்கடை நீண்டுவிட்டது.

"இதால அளந்தா தப்பா வரும்" என்றார் ராயப்பராஜ்.

"மூணு பேருக்கும் அதே தப்புத்தான வரும்" என்றார் பெரியப்பா. "ஒங்க டேப்ப வச்சு ஆபீஸுக்கு எழுதிக்கங்க. நாங்க கல்லு ஊனுறது இதாலதான்."

வேறு வழியில்லாமல் இரண்டு முறை அளந்தோம். ஒரு முனையைப் பெரியப்பா பிடித்தார், மறுமுனையை சடையாண்டி மாமா. நடுவில் சங்கிலி தொய்ந்தது. "இன்னும் செத்த இழுங்க" என்றார் மாமா. சங்கிலியைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு, "இழுங்க மச்சான்" என்றார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார், இழுத்தார்.

மூன்று பங்குக்கும் கல் ஊன்றியாயிற்று. மோட்டார் பொதுக் கிணற்றுக்குப் பொது மனுவாகப் போகிறது. அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள், முருங்கைக்காய்க் குழம்பு. சாப்பிட்டபின் வம்சாவளியை விரித்து வைத்தேன். மாயக்காள் என்ற பெயரை மாமாவின் மகள் படித்துக் காட்ட, மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் பெரியப்பா தாளுக்கு முன்னால் குனிந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். தன் பெயருக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்.

"இது மட்டும் ஏன் பென்சில்ல எழுதியிருக்க?"

"நீங்க அழிக்கச் சொன்னா அழிச்சிரலாம்னு."

விரலை எடுத்துக்கொண்டார்.

"மையில எழுது."

எழுதினேன். காயட்டும் என்று ஊதினேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார், வாசல் வரை போனார், திரும்பி வந்தார்.

"அவ வீட்டுக்காரன் பேரு என்ன?"

"கருப்பணன்."

"அதையும் எழுது" என்றார்.